உள்ளே யாருடி இருக்கிறது?

அன்புள்ள கோமு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், கேட்டால் உன் முழங்கால் புராணம் தனிக் கடிதமாக வரும். இத்தனை நாள் எழுதவில்லை என்று திட்டாதே, நீ தினமும் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கெல்லாம் பதில் போட்டால் எனக்கு அதற்கே பொழுது போய்விடும். இப்போது எழுதக் காரணம் பரிமளா மகள் கல்யாணம். நீ வரவில்லை என்று அவள் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், அது உன் பாடு அவள் பாடு. புடவை, நகை, சாப்பாடு எல்லாம் போனில். தயிர்சாதம் இந்த முறை சரியாக இருந்தது, எட்வின் சாரே சொன்னார், போதுமா?

ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டார் ரோபோ டான்ஸ் வைத்திருந்தார்கள். எட்டடி உயரம், உடம்பெல்லாம் எல்இடி விளக்கு, கையிலிருந்து புகை பீய்ச்சுகிறது, பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வரும்போது இரண்டு பக்கமும் நின்று ஆடுகிறது. குழந்தைகள் கத்திய கத்தலில் நாதஸ்வரம் காணாமல் போனது. ஒரு பெரியவர் அதன் கையில் மொய்க் கவரைக் கொடுக்கப் பார்த்தார், சத்தியமாக.

பந்தி முடிந்து நான் கை கழுவப் போனேன். பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் அந்த ரோபோ சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது, தலையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு. இருபது வயது இருக்குமா என்பதே சந்தேகம், அப்படி ஒரு பையன். முகமெல்லாம் வேர்வை, கழுத்தைச் சுற்றி ஒரு ஈரத்துண்டு. காலுக்குக் கீழே பொய்க்கால் கட்டியிருப்பதால் உட்கார முடியாது. "உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்க்கா" என்றான். எது கஷ்டம் என்று கேட்டேன். வெயிட்டும் இல்லை, சூடும் இல்லையாம். "மூக்கு அரிச்சா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா." கையில் விசிறி இல்லை, தாம்பூலப் பையை மடித்து விசிறிவிட்டேன். ஒரு ஷோவுக்கு ஆயிரத்து ஐநூறு தருகிறார்களாம். பரிமளா சம்பந்தி எவ்வளவு கொடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து.

அன்றிலிருந்து இது என் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. ரோபோ படம் என்றால் நான் எப்படி அலைவேன் என்று உனக்குத் தெரியும். நீ மட்டும் என்னவாம், சுஜாதா கதையில் வருகிற ரோபோ நாய் ஜீனோவைப் படித்துவிட்டு நாய்க்கு ஜீனோ என்று பெயர் வைத்தாய், அது உன்னைத் தவிர எல்லாரையும் கடித்தது. இத்தனை படம் பார்த்தேன், உள்ளே யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 'எந்திரன்' சிட்டியை விடு, அதற்குள்ளே யார் என்று ஊருக்கே தெரியும். மற்றவர்களைத் தேட ஆரம்பித்தேன், விட முடியவில்லை.

முதலில் 'மெட்ரோபோலிஸ்', 1927-இல் வந்த ஜெர்மன் படம். அந்த உலோகப் பெண்ணைப் படம் பார்க்காதவர்களும் எங்காவது போஸ்டரில் பார்த்திருப்பார்கள். உள்ளே இருந்தவள் பிரிகிட்டே ஹெல்ம், அவளுக்கு அதுதான் முதல் படம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வயது. அது உலோகமே இல்லை. பூசினால் காய்ந்து கெட்டியாகிற ஒரு மரக்கூழ், அதன்மேல் உலோக நிறப் பூச்சு, அவ்வளவுதான். வால்டர் ஷுல்ட்ஸே மிட்டென்டார்ஃப் என்ற சிற்பி அவளை நிற்க வைத்து உடம்புக்கு அச்சு எடுத்தார். நின்றபடி எடுத்த அச்சு, உட்கார்ந்தால் எங்கெல்லாம் குத்தும் என்று யோசி. அப்புறம் படத்தைப் பார், அந்த ரோபோ முதன்முதலில் வருவதே நாற்காலியில் உட்கார்ந்தபடிதான்! உடம்பெல்லாம் சிராய்ப்பு. முகமே தெரியவில்லையே, வேறு யாரையாவது உள்ளே விடக்கூடாதா என்று அவள் கேட்டதாகவும், வேறு ஆள் என்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் மறுத்ததாகவும் சொல்வார்கள். நம் மாமியார்களின் பதில் மாதிரியே இல்லை? படப்பிடிப்பு ஆட்கள் பரிதாபப்பட்டுக் கவச இடுக்கில் சில்லறை போடுவார்களாம், அவள் அதை எடுத்துப்போய் கேன்டீனில் சாக்லேட் வாங்குவாளாம். நிஜமோ கதையோ, எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

1951-இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்று ஒரு படம். கோர்ட் என்று ஒரு ராட்சச ரோபோ, முகத்தில் ஒரு மூடி, மூடி தூக்கினால் பீரங்கியெல்லாம் உருகும். உள்ளே லாக் மார்ட்டின், ஏழடிக்கும் மேலே உயரம், ஹாலிவுட்டில் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் வாசல் காவலாளியாக நின்ற மனிதர். அவருக்கு இரண்டு உடுப்பு தைத்தார்கள். ஒன்றுக்கு முன்பக்கம் திறப்பு, இன்னொன்றுக்குப் பின்பக்கம். முன்னாலிருந்து படம் எடுத்தால் பின்பக்கம் திறக்கிறது, பின்னாலிருந்து எடுத்தால் முன்பக்கம் திறக்கிறது, எப்படிப் பார்த்தாலும் தையல் தெரியாது. உலகத்தையே அழிக்கிற பலசாலி கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி இருக்கிறதே, அவரால் நிஜத்தில் அவளைத் தூக்க முடியவில்லை, கம்பி கட்டித்தான் சமாளித்தார்கள். அதே சைனீஸ் தியேட்டர் வாசலில் 1977-இல் சிமென்ட்டில் கால் பதித்தது யார் தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' தங்க ரோபோ த்ரீபியோ. நடிகர்கள் பதிக்கிற இடத்தில் ரோபோவின் பாதம், உள்ளே இருந்த ஆன்டனி டேனியல்ஸின் பெயர் அங்கே இல்லை. வாசலில் நின்ற மனிதருக்கு எதுவுமே இல்லை.

இதைவிட எரிச்சல் ராபி விஷயம். 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்'. படத்தின் டைட்டிலில் 'அறிமுகம்: ராபி தி ரோபோ' என்ற தோரணையில் போடுகிறார்கள். உள்ளே இருந்த ஃப்ராங்கி டாரோவின் பெயரும் இல்லை, குரல் கொடுத்த மார்வின் மில்லரின் பெயரும் இல்லை. 2017-இல் அந்த உடுப்பு ஏலத்தில் 53 லட்சம் டாலருக்கும் மேலே போனது. உடுப்பு, கோமு! வெறும் கூடு!

சரி, திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு படம் சொல்கிறேன். 'சைலன்ட் ரன்னிங்', 1972, இயக்கியவர் டக்ளஸ் ட்ரம்புல். பூமியில் காடே இல்லை. மிச்சமிருக்கிற காடுகளைப் பெரிய கண்ணாடிக் கூண்டுகளில் வைத்து சனிக் கிரகத்துப் பக்கம் கப்பலில் மிதக்க விட்டிருக்கிறார்கள். ஒருநாள் அதையெல்லாம் வெடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள் என்று உத்தரவு வருகிறது. தோட்டக்காரன் ஒருவன் மட்டும் மறுக்கிறான். அவனுக்குத் துணை மூன்று குட்டி ரோபோக்கள், முகம் கிடையாது, பேச்சு கிடையாது, இரும்புப் பெட்டிக்குக் கால் வைத்த மாதிரி தட்டுத்தடுமாறி நடக்கும். ஹூயி, டூயி, லூயி என்று பெயர் வைக்கிறான், செடி நடச் சொல்லிக்கொடுக்கிறான், போரடித்தால் சேர்ந்து சீட்டு ஆடுகிறான்.

நான் அந்தப் படத்தை முன்பே பார்த்து அழுதவள். அந்த நடையைப் பார்த்து இதை எப்படி மோட்டார் வைத்து இவ்வளவு இயல்பாகச் செய்தார்கள் என்று வியந்திருக்கிறேன். மோட்டாரே இல்லை. இரண்டு கால்களையும் இழந்த நடிகர்கள் நான்கு பேர், மாறி மாறி அந்தப் பெட்டிகளுக்குள் இருந்து கைகளால் நடந்தார்கள். மார்க் பெர்சன்ஸ், ஸ்டீவ் பிரவுன், செரில் ஸ்பார்க்ஸ், லாரி விசென்ஹன்ட். ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்துச் செய்த உடுப்பு. இந்தப் படத்தில் பெயர் போட்டார்கள், அதைச் சொல்லவேண்டும். இது தெரிந்தபிறகு திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு காட்சியில் ஒரு ரோபோ அடிபட்டுக் கிடக்கிறது, இன்னொன்று பக்கத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. முகம் இல்லை, கண் இல்லை, வெறும் ஒரு சின்னத் தயக்கம், உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நிற்பது. முன்னே அதை இயந்திரத்தின் பாசம் என்று நினைத்து உருகினேன். அது ஒரு மனுஷனோ மனுஷியோ தோளில் காட்டிய பாசம். காலில்லாதவர் என்றால் வேடிக்கை பார்ப்பவர்கள், பரிதாபப்படுபவர்கள், இரண்டே ரகம்தானே நம் சினிமாவில். இங்கே அவர்களால் மட்டும்தான் அந்தப் பாத்திரத்தைச் செய்ய முடிந்திருக்கிறது. இதை எட்வின் சாரிடம் பந்தியிலேயே சொல்லத் தொடங்கினேன், அவர் பாயசத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஸ்டார் வார்ஸ் ஆர்டூ டீட்டூவுக்குள் இருந்த கென்னி பேக்கர் மூன்றடி எட்டங்குலம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போய்விடுவார்களாம், இவரை உள்ளேயே மறந்துவிட்டு. மூடியை உள்ளிருந்து திறக்க முடியாது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

இதெல்லாம் சினிமாவோடு வந்த வழக்கம் என்று நினைத்தேன். இல்லையாம். 1770-இல் வியன்னா அரசவையில் கெம்பெலன் என்பவர் தலைப்பாகை கட்டிய ஒரு பொம்மையைக் கொண்டுவந்தார், தானாகச் செஸ் ஆடும் பொம்மை. நெப்போலியனே அதனிடம் தோற்றிருக்கிறார். பெட்டிக்குள் ஒரு செஸ் கெட்டிக்காரர் மடங்கி உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் காய் நகர்த்தியிருக்கிறார். மெழுகுவத்திப் புகை வெளியே தெரியக்கூடாதே, அதற்காகப் பெட்டிக்கு மேலேயும் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள், எது எந்தப் புகை என்று யார் கண்டார்கள். கடைசியில் 1854-இல் பிலடெல்பியாவில் தீப்பிடித்து எரிந்தது, நல்லவேளை அப்போது உள்ளே யாரும் இல்லை.

உன் கார்த்திக் ரோபோ வந்து என் வேலை போய்விடும் என்று தூங்காமல் கிடக்கிறான் என்றாயே, அதற்குத்தான் வருகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். 2021-இல் எலான் மஸ்க் ரோபோ செய்யப்போகிறேன் என்று மேடை போட்டபோது வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆடியது ஒரு மனிதன். 2024-இல் அவருடைய நிஜ ரோபோக்களே விருந்தில் பானம் ஊற்றிக் கொடுத்தன, விருந்தாளிகளோடு பேசின. தொலைவில் உட்கார்ந்து மனிதர்கள் இயக்கினார்கள் என்று அப்புறம் செய்தி வந்தது. மூடிக்குள் இருந்த ஆள் வேறு அறைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். நம் பையனையாவது பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பார்க்க முடிந்தது.

சிரிக்காதே, அடுத்தது உங்கள் ஊர். கரூரில் நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்களாம், படித்தாயா? அந்தக் காட்சியை அமெரிக்காவில் ரோபோவுக்குப் பாடமாக வைக்கிறார்கள். துண்டை எடு, விரி, மடி, அடுக்கு. திரும்பத் திரும்ப அதே. மடிப்பு பிசகினால் அந்தப் பதிவு குப்பைக்கு. உன் அம்மா ஏற்றுமதித் துண்டு மடிக்கும்போது ஓரம் சேரவில்லை என்று நம் கையில் ஸ்கேலால் போடுவார்களே, அம்மா இருந்திருந்தால் இன்றைக்கு ரோபோவுக்கே போட்டிருப்பார்கள். முதலில் படித்தபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்த வீடியோவில் கை மட்டும்தான் தெரியும். நாளைக்கு எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு இயந்திரம் துண்டு மடிக்கும், பார்க்கிறவர்கள் அடேயப்பா என்பார்கள். கரூரில் எந்தப் பெண்ணின் விரல் அது என்று டைட்டிலில் யார் போடப்போகிறார்கள்? படத்துக்கு நடித்தால் பெயராவது கேட்கலாம். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது? கார்த்திக்கிடம் இதைச் சொல், வேலை போகுமா என்பதைவிட வேலை எந்த அறைக்குள் போய் ஒளிகிறது என்று பார்க்கச் சொல். அவன் முறைத்தால் விஜி சித்தி சொன்னாள் என்று என்மேல் போட்டுவிடு.

உன் சித்தப்பா மகள் கரூரில்தானே இருக்கிறாள்? அக்கம்பக்கத்தில் யாராவது இந்த வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டு எழுது. நாள் சம்பளமா, ஒரு பதிவுக்கு இவ்வளவா, குப்பைக்குப் போன பதிவுக்குக் காசு உண்டா, கழுத்து வலிக்கிறதா, எல்லாம் கேள். 'சைலன்ட் ரன்னிங்' கிடைத்தால் பார். இடையில் ஜோன் பயஸ் பாட்டு இரண்டு வரும், ஓட்டிவிடாதே. பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டே போன் பண்ணாதே, அவர் பயந்துவிடுகிறார். உட்கார்ந்து எழுது.

உன்,
விஜி