ஊசி கேட்கும் முன் மார்பின் (morphine) மருந்தைச் சரியாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தார், "ஒரு ஊசி போட்டு அனுப்பி வச்சிடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவதும், டாக்டர் மறுத்தால் கல்நெஞ்சக்காரர் என்று ஏசுவதும் நம் தோட்டப்புறங்களில் புதிதல்ல. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதும், கருணைக்கொலைக்கும் கதவு திறந்துவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது 306ஆம் பிரிவின்கீழ் இன்றும் குற்றம்தான். நோயாளியே சம்மதித்தாலும் அவர் உயிரைப் பறிப்பவருக்கு விடுதலை கிடையாது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் டாக்டர்கள் மறுப்பதில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த ஆய்வு 2000இல் வெளியானது. தீராத வலியில் சாகக் கிடப்பவர் தாமே விழுங்க மருந்து எழுதித் தருவதை ஆதரித்தவர்கள் 22.5 விழுக்காடு. மருத்துவரே ஊசி போடுவதை ஆதரித்தவர்கள் வெறும் 6.5. நோயாளிக்கு வேண்டிய பராமரிப்பைப் பெற்றுத்தர முடியாமல் போன மருத்துவர்களே அந்த ஊசியைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் அந்தப் பராமரிப்பு குலைவது பெரும்பாலும் மார்பின் என்னும் கடும் வலிக்கான மருந்துப் போத்தலில்தான். "அது கடைசி மருந்து, கொடுத்தா ஆள் முடிஞ்சிடும்" என்று போத்தலைச் சாமி மேடைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, நோயாளி அலறினால் மட்டும் எடுப்பார்கள். சாதாரண மார்பின் நீர்மருந்து நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி வரும்வரை காத்திருந்தால் அதை அடக்க இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தால் நாளுக்கு 6 வேளை, மொத்தம் 30. இடையில் வலி கிளம்பினால் கொடுப்பது அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது அதே 5. எத்தனை தடவை அப்படிக் கொடுத்தீர்கள் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அளவைக் கூட்டுவதா என்று டாக்டர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான். மில்லிகிராம் வேறு, மில்லிலிட்டர் வேறு. சமையல் கரண்டியில் ஊற்றாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடுவரை இழுப்பது என்று மருந்தகத்தில் பேனாவால் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். வயிறு கட்டிக்கொண்டதால் மார்பினையே நிறுத்தும் குடும்பங்கள் ஏராளம். இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்து உடம்பில் தேங்கும் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைகால் வெட்டி இழுத்தாலோ, பிதற்றினாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரியை அழையுங்கள்.

மார்பின் மட்டுமே போதாத வலியும் உண்டு. எலும்பில் பரவிய வலிக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பலருக்கு நல்ல நிவாரணம் தரும். நரம்பு வலிக்கு வேறு மாத்திரை சேர்ப்பார்கள்.

இன்னொன்று: பலன் தராத கீமோவை நிறுத்துவதும், செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்பதும் கருணைக்கொலை ஆகாது. இவற்றை டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவரையும் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. நம் வீடுகளில் அவருக்குத் தெரியாமல் வராந்தாவில் நின்றுதான் எல்லாம் பேசுகிறோம்.

"பாலியேட்டிவ்" பிரிவுக்கு, அதாவது நோயின் வேதனையைத் தணித்துப் பராமரிக்கும் பிரிவுக்கு, கடிதம் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையே இதற்கு இருக்கிறது. சாகும் தறுவாய்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குச் சொல்லி வையுங்கள், முக்கியமாகத் தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்.

ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்.