எந்த முறையில் தேடினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘டி.என்.ஏ. சோதனையில் குறைபாடு ஏதும் இல்லை என்று தெரியவந்தது’ என்ற வாக்கியத்தைச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். டி.என்.ஏ. சோதனை என்பது ஒரே சோதனை அன்று. பல முறைகளுக்கான பொதுப்பெயர். ஒரு முறை காட்டும் பிறழ்வை (மரபணுவில் நேர்ந்த பிழையை) இன்னொன்று காட்டாமல் விட்டுவிடும். மரபணு ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவை வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

இந்த நோய்க்குக் காரணமான பீட்டா குளோபின் மரபணு, 11ஆவது குரோமோசோமில் ஏறத்தாழ 1,600 டி.என்.ஏ. எழுத்துகளே நீளமுள்ள சிறிய மரபணு. அதற்குள் நூற்றுக்கணக்கான பிறழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. இந்தியர்களிடம் ஐந்து பிறழ்வுகளே மிகுதி என்பதால், பல ஆய்வகங்கள் முதலில் அவற்றை மட்டும் தேடுகின்றன. அவற்றுள் நான்கைக் கண்டறிய, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் ஒரு வகையான ஆர்ம்ஸ் பி.சி.ஆர். போதும்: குறிப்பிட்ட பிறழ்வு இருந்தால்தான் நகல் பெருகும், ஜெல்லில் பட்டை தெரியும். விரைவானது, செலவும் குறைவு. ஆனால் பட்டியலில் இல்லாத பிறழ்வு அதன் கண்ணில் படாது. அப்போதுதான் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் சாங்கர் முறைக்குச் செல்வோம். 1977இல் வெளியான இந்த முறையை இன்றும் உரைகல்லாகவே மதிக்கிறோம்.

அந்த உரைகல்லும் தவறவிடுவது உண்டு. ஐந்தில் எஞ்சிய ஒன்று, மரபணுவின் பின்பகுதியில் 619 எழுத்துகள் மொத்தமாக விடுபட்டுப்போகும் பிறழ்வு. சிந்தி, லோஹானா சமூகத்தாரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நம்மிடம் மரபணுவின் இரு பிரதிகள் இருக்கின்றன. சாங்கர் முறையில் வாசிப்பதற்கு முன் மரபணுவை நகலெடுத்துப் பெருக்க வேண்டும். அந்த நகலெடுக்கும் வினை தொடங்க வேண்டிய இடமே ஒரு பிரதியில் விடுபட்டிருந்தால், நலமான மற்றொரு பிரதி மட்டுமே பெருகும். அதை வாசிக்கும் கருவி, எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

சென்னையில் வாழும் சிந்திக் குடும்பத்துப் பெண் ஒருவர், கருவுற்ற பத்தாம் வாரத்தில் அப்படியொரு அறிக்கையுடன் எங்களிடம் வந்தார். கணவர் நோய்க்கூறு தாங்கியவர் (ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வு உள்ளவர்) என்பது முன்பே உறுதியாகியிருந்தது. மனைவிக்கோ ‘பிறழ்வு இல்லை’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததால், இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் மனைவியின் ரத்தத்தில், தாங்கியவர்களிடம் கூடுதலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு 5 சதவீதத்துக்கும் மேல் இருந்தது, 3.5 சதவீதத்தைத் தாண்டினாலே நாங்கள் ஐயப்படுவோம். விடுபட்ட பகுதியின் இரு கரைகளிலிருந்தும் நகலெடுக்கும் இடைவெளி பி.சி.ஆர். செய்தோம். வழக்கமான பட்டைக்குக் கீழே, நீளம் குறைந்த இன்னொரு பட்டை தெளிவாகத் தெரிந்தது. இருவரும் தாங்கியவர்கள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த வாரமே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கக் காலம் இருந்தது. இரண்டு மாதம் தாமதித்து வந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் அறிக்கையைத் தந்த ஆய்வகம் பொய் சொல்லவில்லை. பெரிய விடுபடல்களை இந்த முறை காட்டாது என்று கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் குறிப்பிட்டிருந்தது. அந்த வரியை அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. தலசீமியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று இது. டூஷென் தசைச் சிதைவு நோயில் பெரும்பான்மையான பிறழ்வுகள் விடுபடல்களே; அங்கே பிரதிகளை எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. போன்ற முறை வேண்டும்.

ஆகவே, எந்த மரபணுவின் எந்தப் பகுதி, எந்த முறையில் தேடப்பட்டது, அந்த முறை எதைக் காட்டாது என்ற மூன்று விவரங்களையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, முடிவுக்கு அருகில், தமிழிலும் அச்சிடுமாறு ஆய்வகங்களை அரசு பணிக்க வேண்டும். ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘இம்முறையில் கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவதே சரி. தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, செய்யப்பட்ட சோதனையின் பெயரையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
சென்னை.