இடி இடித்தால் பில் நின்றுபோனது ஏன்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சுங்கை சிப்புட்டில் மூன்று கடைகளிலிருந்து ஒரே புகார். மழை விட்டபின் கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘இது பதிவு செய்யாத கணினி’ என்று சொல்கிறதாம். சம்பள நாள் வேறு. தோட்டத்து ஆட்கள் சாமானோடு வரிசையில் நிற்க, மளிகைக் கடை அக்கா ஒருவர் பழையபடி 555 நோட்டை எடுத்துக் கையால் எழுதித் தள்ளியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். கோளாறு உங்கள் கணினியில் இல்லை, எங்கள் புரோகிராமில்தான்.

பில் மென்பொருளை ஒரு கணினிக்கு ஒன்று என்ற கணக்கில் தருகிறோம். எந்தக் கணினி என்று தெரிந்துகொள்ள நெட்வொர்க் கார்டில் பதிந்திருக்கும் மேக் முகவரியைப் பார்க்கிறோம். ஆறு ஜோடி கொண்ட எண் அது. வண்டி நம்பரில் முதல் எழுத்து ‘ஏ’ என்றால் பேராக் என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அதுபோல இதில் முதல் மூன்று ஜோடி கார்டு செய்த கம்பெனியைக் காட்டும். உங்கள் கடன் கணக்கையோ விற்பனையையோ இது எங்களுக்குக் காட்டாது. சிலர் பயந்து கேட்டதால் சொல்கிறோம்.

எங்கள் மென்பொருள் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதியது. பழைய பதிப்பு கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குக் கிடைக்கும் எண்ணைக் கேட்டு, அந்த முகவரி இருக்கும் ஒரே ஒரு கார்டின் எண்ணை மட்டும் எடுத்தது. இடி இடித்தால் மோடம் வயரைப் பிடுங்கி வைப்பது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் வயரைப் பிடுங்கியதும் கணினிக்கு மிஞ்சுவது 127.0.0.1, அதாவது தன்னையே குறிக்கும் முகவரி. அதற்குப் பின்னால் நிஜமான கார்டு எதுவும் கிடையாது. மேக் எண் கேட்டால் ஜாவா ‘நல்’ (null), அதாவது ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடும். புரோகிராமும் உங்களை அந்நியன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டது.

போனில் எண்ணை வாசிக்கச் சொன்னபோது ஓர் அண்ணன் “மைனஸ் பதினாறு” என்றாரே, அதுவும் எங்கள் கைவேலைதான். மேக் முகவரியின் ஒவ்வொரு ஜோடியும் ஒரு பைட். ஜாவாவில் ஒரு பைட் -128 முதல் 127 வரைதான் போகும். 240 என்று வர வேண்டியது -16 ஆகிவிடும். 255-ஐ வைத்து ‘அண்ட்’ (AND) என்ற கணக்கைப் போட்டு மைனஸை நீக்கி, பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் இரண்டு இலக்கமாக எழுதியிருக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் 08 வெறும் 8 ஆகவும் வந்தது.

புதிய பதிப்பு ஜாவாவிலேயே இருக்கும் ‘நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்’ என்ற நிரல் வகுப்பிடம் எல்லாக் கார்டுகளின் பட்டியலையும் வாங்குகிறது. எண் இல்லாததைத் தள்ளிவிடும். 00-50-56 என்று தொடங்குவது, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விஎம்வேர் என்ற மென்பொருள் உண்டாக்கிய மாயக் கார்டு, அதையும் தள்ளும். மீதியில் பழைய பதிவோடு ஒன்று ஒத்துப்போனாலும் போதும், வயர் செருகியிருக்கிறதா என்று பார்க்காது. மகன் வாங்கித் தந்த யுஎஸ்பி வைஃபை குச்சியைக் கழற்றினாலும் பில் ஓடும்.

வைஃபை மட்டும் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-இல் வைஃபை அமைப்புக்குள் போய், வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றித் தரும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் எந்தப் பதிப்பாலும் உங்களை அடையாளம் காண முடியாது.

புதிய பதிப்புக்குக் காசு கிடையாது. கடை மூடும் நேரத்தில் நாங்களே வந்து போட்டுத் தருகிறோம். வேறு யாராவது விண்டோஸையே மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டாம். அதுவரை மழை நாளில் பில் நின்றால் வயரைச் செருகிவிட்டு புரோகிராமைத் திரும்பத் திறங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடை