ஆகாயத்தாமரைக்கு ஏன் இந்தப் பாராட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் உதகை ஏரியின் படத்தை வெளியிட்டு, 'பூத்துக் குலுங்கும் ஊதா மலர்கள் சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு விருந்து' என்று குறிப்பெழுதியிருந்தீர்கள். அது ஆகாயத்தாமரை என்பதும், எங்கள் ஏரியின் மூச்சை அடைப்பது அச்செடிதான் என்பதும் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அவ்வாறு எழுதியதுதான் ஏரிக்கரையில் வாழும் எங்களை வருத்துகிறது.

தென் அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த இது, சூழல் வாய்த்தால் இரண்டே வாரங்களில் இருமடங்காகப் பெருகிவிடும். கோடப்பமந்து கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள்: பஞ்சுபோல உப்பிய காம்பு, சேறு அப்பிய கரிய வேர்க்கொத்து, பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் அடுத்த குட்டிச்செடி. அந்தக் குட்டி அறுந்து மிதந்து போனாலே புதிய கூட்டம் தொடங்கிவிடும். உறைபனியில் இலைகள் கருகும்போது ஒழிந்தது என்று நினைக்கிறோம். வெயில் ஏறியதும் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. விதைகளோ சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கின்றன.

1820-களில் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி இது. அதில் ஒரு பகுதியைக் குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் எடுத்துக்கொண்டன. எஞ்சியதில் நகரக் கழிவுநீர் கலக்கிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசுமே இச்செடிக்கு எரு. கழிவுநீரைத் தடுக்காமல் செடியை மட்டும் அள்ளுவதால் பயனில்லை என்று மன்றாடியும் கேட்பாரில்லை. 1939-இல் இலங்கையிலிருந்து கெண்டை மீன்களைக் கொண்டுவந்து நீலகிரி நீர்நிலைகளில் விட்ட காலந்தொட்டு, வெளியிலிருந்து வரும் உயிரினத்தின் பின்விளைவை யோசிக்காத வழக்கம் இங்கே தொடர்கிறது.

படகு ஓட வழி வேண்டும் என்றால் மட்டும் இயந்திரம் இறங்குகிறது. அள்ளிய செடிகளைக் கரையிலேயே குவித்துவிட்டுச் செல்கிறார்கள். பருவமழையில் அக்குவியல் சரிந்து ஏரிக்குள்ளேயே இறங்குவதை என் வீட்டு வாசலில் நின்று கண்டிருக்கிறேன். நான் அனுப்பிய மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை. செடி மூடிய நீரில் வெளிச்சம் புகாமல் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். ஏரியின் உபரிநீரோ காமராஜ் சாகர் அணைக்குச் செல்வதால், கேடு ஏரியோடு நிற்பதில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது சிறிது. 'ஏரி தூய்மை செய்யப்பட்டது' என்று அடுத்த முறை செய்திக்குறிப்பு வரும்போது, அள்ளிய செடி எங்கே கொண்டுசெல்லப்பட்டது என்று தங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தைப் படமெடுத்து, அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உதகமண்டலம்.