பெரியம்மா, அந்த இரண்டாவது பெட்டி வேண்டாம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். ஆடி அமாவாசையில் பெரியப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் வர டிக்கெட் கிடைத்துவிட்டதாகத் தங்கை சொன்னாள். மிகவும் சந்தோஷம். கூடவே இரண்டு பெரிய பெட்டி, ஒரு கட்டைப்பை, ஒரு முறுக்கு டின் என்று சாமான்களின் பட்டியலையும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. போனில் பேசினால் "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெரியவர்களுக்குக் காரியம் செய்ய இந்தக் கரைக்கு வருகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தவறாக நினைக்காதீர்கள்.

படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்று தங்கை சொல்கிறாள். அது சரிதான். ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் பயணமே தொடங்குகிறது. ஆடி மாதத்தில் இங்கே சோழகக் காற்று, அதாவது தென்காற்று, பலமாக வீசும். காற்றின் வேகம் எல்லை மீறினால் பாம்பன் பாலத்துக்கு முன்பே ரயிலை நிறுத்திவைப்பார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். கையில் ஒற்றைப் பையோடு வந்தவர்கள் முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போனார்கள். பெட்டிகளோடு வந்தவர்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் அந்த முழங்காலோடு என்ன செய்வீர்கள்?

ரயில் நேராகவே வந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம் தாண்டியதுமே பெட்டிக்காரர்கள் எழுந்து, சாமான்களைக் கதவருகே இழுத்துப்போய் அடுக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின் மீது ரயில் போகும். இருபக்கமும் கண்ணுக்கெட்டும்வரை விரிந்த நீர். அவர்கள் கண் அடுத்தவர் பெட்டியின் மேலேயே இருக்கும். நீங்கள் பேரனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். கப்பலுக்கு வழிவிட நடுவில் மேலே தூக்குகிற 72.5 மீட்டர் இரும்புத் துண்டைக் காட்டினால் அவன் கேள்விமேல் கேள்வி கேட்பான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பையில் எதை வைப்பது என்பதைத் தண்ணீரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் அக்னி தீர்த்தம். அது கடல். அதில் முழுகிய பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மேடைமேல் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, ஈரக் கல்தரையில், கிணற்றுக்குக் கிணறு நடக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது. உலர்ந்த துணிக்கு மாறித்தான் தரிசனம்.

ஆகவே குளிக்க ஒரு சேலை, தரிசனத்துக்கு ஒரு சேலை என்று கணக்கு வையுங்கள். ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் இன்னொன்று. அவ்வளவு போதும். குளிக்கிற சேலை பருத்தியாக இருக்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் இங்கே பக்கத்திலுள்ள சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா. அவர் கடலுக்குள் இறங்குவதை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு நீர்புகாத கண்ணாடி, நீந்துவதற்குக் காலில் கட்டிய தகடு, இடுப்பில் பாசி போடும் பை. வேறு எதுவும் இல்லை. "நூல் சேலை தண்ணியைக் குடிச்சுட்டு ஆளையே கீழே இழுக்கும், பாலியஸ்டர்தான் கட்டணும்" என்றார். ஐந்தரை மீட்டர் பருத்தி நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று துவைக்கிற உங்களுக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டு 22 கிணறு சுற்ற வேண்டாம். மெல்லிய பாலியஸ்டர் சேலை, உடல் தெரியாத அழுத்தமான நிறத்தில், ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அது காயவும் காயும். கடல்நீரில் மட்டும் நனைந்த துணி எத்தனை நேரம் கொடியில் கிடந்தாலும் பிசுபிசுத்தே இருக்கும். துணியில் தங்கிவிட்ட உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். கடலுக்குப் பின் கோயில் தீர்த்தங்களில் நனைவதால் அந்த உப்பு போய்விடுகிறது. தங்கும் அறைக்கு வந்து பிழிந்து மாடியில் போட்டால் ஆடிக் காற்றுக்குச் சீக்கிரமே உலர்ந்துவிடும். நான்கு கிளிப்பும் ஒரு முழம் கூடுதலாகவே கொடிக்கயிறும் வையுங்கள். கிளிப் இல்லாவிட்டால் சேலை பக்கத்துத் தெருவில்தான் கிடக்கும். டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டு போதும். வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளவும் அதுவே ஆகும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குப் போகும்போது குடை எடுப்பதில் பயனில்லை, அங்கே காற்று அதை நிற்கவே விடாது.

கரையில் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். அமாவாசைக் கூட்டத்தில் அதை விட்டு நகர முடியாது. நீங்கள் மூன்று பேர்தான் வருகிறீர்கள். அப்படியானால் தங்கை தன் அப்பாவுக்காக முழுக முடியாமல் மணலில் உட்கார்ந்து பெட்டிக்குக் காவல் இருப்பாள். அவளுக்கு இதுதான் முதல் முறை. அந்த ஒரு காரணத்துக்காகவாவது நான் சொல்வதைக் கேளுங்கள். தோளில் மாட்டும் ஒரு சிறிய பையென்றால் நானே வாங்கி வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது பெட்டியில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பெரியப்பாவின் வேட்டிகள், சட்டைகள், அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர். கடலில் விட வேண்டும் என்று தங்கையிடம் சொன்னீர்களாம். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அக்னி தீர்த்தத்தில் கடல் ஆழமில்லை, அலையும் இல்லை. விட்ட துணி பெரும்பாலும் எங்கும் போகாது. அங்கேயே அமிழ்ந்து, அடுத்து முழுக வருபவரின் காலைச் சுற்றும். பிறகு அதை யாரோ வாரிக் கரையில் குவிப்பார்கள். அல்லது அலைந்து போய் யாராவது ஒரு மீனவரின் வலையில் சிக்கும். பெரியப்பா உடுத்திய துணி அப்படிக் கிடப்பதை நான் பார்க்க வேண்டாம், நீங்களும் பார்க்க வேண்டாம். பெரியப்பா கசங்கிய சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அவற்றைத் துவைத்து மடித்து, உங்கள் தெருவிலேயே உடுத்தக்கூடியவர்களுக்குக் கொடுங்கள். ஸ்வெட்டரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், பீரோவிலேயே இருக்கட்டும். அவருடைய அங்கவஸ்திரம் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். தர்ப்பணம் முடியும்வரை அது உங்கள் தோளில் இருக்கலாம், பிறகு உங்களோடு வீட்டுக்கே திரும்பட்டும்.

எள், தர்ப்பை, பச்சரிசி எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள். புரோகிதரே எல்லாம் வைத்திருப்பார். தட்சிணையை மட்டும் நான் முன்னதாகவே பேசி வைக்கிறேன். நகை வேண்டவே வேண்டாம். பிரஷர் மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். கோயிலுக்குள் கைப்பேசியை விடமாட்டார்கள், 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் உயர் நீதிமன்றம் சொன்ன உத்தரவு அது. என் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு டின்னுக்குப் பதில், இங்கே வந்து நம் வீட்டிலேயே சுடலாம், மாவு அரைத்து வைக்கிறேன்.

பை இலேசாக இருந்தால் மறுநாள் நீங்கள் ஆசைப்பட்டபடி திருப்புல்லாணிக்கும் தேவிபட்டினத்துக்கும் பஸ்ஸிலேயே போய்வரலாம். கார் பேசத் தேவையில்லை. திரும்பும்போது பையில் இடமும் இருக்கும். ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வாங்கி வைக்கிறேன். ஓலை காற்றை விடுவதால் கருப்பட்டி நீர்விடாமல் இருக்கும், பிளாஸ்டிக் கவருக்கு மாற்றிவிடாதீர்கள். குண்டு மிளகாயும் அரைக் கிலோ தருகிறேன்.

பையைக் கட்டி முடித்ததும் நீங்களே ஒரு கையால் தூக்கி, வாசற்படி ஏறி இறங்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் எதை எடுத்து வெளியே வைப்பது என்று எனக்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்,
பாம்பனிலிருந்து