பந்து அனுப்பும் முன் ஏன் இத்தனை கேள்விகள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கை இயக்கத்திலோ பார்வையிலோ குறை உள்ளவர்கள் ஆடுவதற்கென்று நாங்கள் செய்யும் பந்தோ மட்டையோ கேட்டு நீங்கள் எழுதினால் முதலில் எங்களிடமிருந்து வருவது இரண்டு பக்கக் கேள்வித்தாள்தான். அது பலருக்கு அலுப்பாக இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். "இலேசான பந்து ஒன்று கேட்டேன், அதற்கு இவ்வளவு விசாரணையா?" என்று ஓர் அம்மா சென்ற மாதம் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"இலேசான" என்று நீங்கள் எழுதும்போது உண்மையில் கேட்பது பெரும்பாலும் நேரத்தைத்தான். ஒரு கைப்பந்தை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அரை நொடிக்குச் சற்று மேல் ஆவதற்குள் தரையைத் தொட்டுவிடும். ஊதிய பலூன் அதே உயரத்திலிருந்து இறங்க ஒரு நொடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு கையைத் தூக்கப் பழகுகிறவர் பந்தைக் கண்ணால் பிடித்து, தோளை அசைத்து, விரல்களை விரிப்பதெல்லாம் அந்தக் கூடுதல் அவகாசத்துக்குள்தான். அவகாசம் போதாவிட்டால் பந்து எவ்வளவு இலேசாக இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் தவறவிட்டு, நான்காம் நாள் ஆட்டத்தையே விட்டுவிடுவார்.

பந்து மெல்ல வர வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும், உருவம் பெருக வேண்டும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். மேசைப்பந்தாட்டத்தின் வழக்கமான பந்து 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.7 கிராம் எடையும் கொண்டது. ஜப்பானில் முதியவர்கள் விரும்பி ஆடும் பெரிய பந்து ஆட்டத்தில் விட்டம் 44 மில்லிமீட்டர், எடையோ அதைவிடக் குறைவு. நான்கு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு மணிக்கட்டிலேயே தெரியும்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. கைநடுக்கம் உள்ள பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். அவர் மகன் முன்பே எங்களிடம் வாங்கிய நுரைப்பந்து, எங்கள் இருப்பிலேயே இலேசானது. பெரியவர் அதைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் விரல் பட்ட இடத்திலிருந்து அது துள்ளி ஓடியது. கைக்கு அங்கே ஒரு பொருள் இருப்பதே உறைக்கவில்லை. மேசையில் போச்சியா என்னும், பந்தை எறிந்தோ உருட்டியோ இலக்கருகே சேர்க்கும் ஆட்டத்துக்கான பந்து ஒன்று கிடந்தது. உள்ளே குருணை போன்ற சிறு மணிகள் அடைத்த, சுமார் 275 கிராம் எடையுள்ள, சற்றுத் தொளதொளப்பான பந்து அது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தோம். பந்து கையின் வடிவத்துக்கு அமிழ்ந்து உட்கார்ந்தது. நடுக்கம் நின்றுவிடவில்லை, ஆனால் பந்து கையிலேயே இருந்தது. அவர் அதை இரண்டு மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு மகனை நோக்கித் தரையில் உருட்டினார். அன்று மாலைவரை எங்கள் தையல் மேசையில் அதே பேச்சுதான். 1984 முதல் பாராலிம்பிக்கில் ஆடப்படும் போச்சியா, மூளை முடக்குவாதம் உள்ளவர்களை மனத்தில் வைத்து வளர்ந்த ஆட்டம். கையால் எறிய இயலாதவர்கள் சாய்பலகை வழியே பந்தை உருட்டி ஆடவும் அதில் விதி உண்டு. "நடுக்கம் உண்டா?" என்று எங்கள் தாளில் முதல் கேள்வியாக இருப்பது இதனால்தான்.

அடுத்து, கை. "மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தினால் விரல்கள் தாமாக மடங்குகின்றனவா?" என்று கேட்டிருப்போம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட சிலருக்கு விரல்களை இயக்கும் தசைகள் வேலை செய்யாது. ஆனால் மணிக்கட்டை உயர்த்தினால் தசைநார்கள் இழுபட்டு விரல்கள் மடங்கிக்கொள்ளும். அந்த மடக்கத்தை வைத்தே அவர்கள் பொருள்களைப் பிடிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குப் பெரிய பந்தைக் கொடுத்து, மணிக்கட்டு உயர்ந்த நிலையிலேயே விரல்களையும் விரித்துப் பழக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்து, உள்ள பிடியும் போய்விடக்கூடும். உதவி செய்யப் போய் கெடுதல் செய்துவிடக் கூடாதல்லவா? விரல்களை விரிக்காமலே பெரிய பந்தை ஆள வழி உண்டு; சக்கர நாற்காலி ரக்பியைப் பாருங்கள். 1970-களில் கனடாவின் வின்னிபெக் நகரில் கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவர்கள் உருவாக்கிய ஆட்டம் அது. அவர்கள் முட்டை வடிவ ரக்பிப் பந்தை விட்டுவிட்டு, கைப்பந்து போன்ற உருண்டைப் பந்தை எடுத்துக்கொண்டார்கள். விரல் பிடிக்காவிட்டாலும், ஒட்டும் கையுறை அணிந்த இரு கைகளுக்கு நடுவே அது நிற்கும். மடியில் வைத்துக்கொண்டும் போகலாம்.

பக்கவாதத்தில் கை இறுகி மூடிக்கொண்டவர்களுக்கு "பிசைந்து பழக ஒரு மென்பந்து" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். தயவுசெய்து உங்கள் இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். மூடிய கைக்கு மேலும் மூடுகிற பயிற்சி வேண்டுமா, விரிக்கிற பயிற்சி வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் பந்து செய்கிறவர்கள். மருத்துவம் எங்கள் வேலை இல்லை.

ஒரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மட்டையைக் கையோடு பிணைக்கும் பட்டையில் முன்பு சிறிய பிளாஸ்டிக் கொக்கி வைத்திருந்தோம். கையில் உணர்ச்சி இல்லாத ஒருவர் அதை அணிந்து ஒரு மணி நேரம் ஆனந்தமாக ஆடியிருக்கிறார். கழற்றியபோது புறங்கையில் கொக்கியின் அச்சு புண்ணாகப் பதிந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அவர் அனுப்பிய படம் வந்த நாளில் கையிருப்பில் இருந்த பட்டைகள் அனைத்தையும் பிரித்துவிட்டோம். இப்போது வருவது அகலமான துணிப்பட்டை, வெல்க்ரோ ஒட்டு மட்டும்தான். அப்படியிருந்தும் முதல் நாளில் பத்து நிமிடத்தில் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையவில்லை என்றால் அந்தப் பட்டையை மறுபடி அணியாமல் எங்களுக்கு எழுதுங்கள். தோலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் ஒவ்வாமை பற்றிய கேள்வியைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஸ்பைனா பைஃபிடா என்னும் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பிறந்தது முதலே பல அறுவை சிகிச்சைகளில் ரப்பர் கையுறையும் குழாயும் பட்டுக்கொண்டே இருப்பது இதற்கு முக்கியக் காரணம். சிலருக்கு மூச்சுத் திணறல்வரை போகும். தாளில் அந்தக் கேள்விக்கு நீங்கள் "ஆம்" அல்லது "தெரியாது" என்று குறித்தால் பலூன் வராது. மெல்லிய பிளாஸ்டிக் பந்துதான் வரும். பலூன் வாங்குகிறவர்களும் வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பார்வையற்றவர்களுக்கான ஒலிப்பந்துகள் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. 1946-இல், போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக உருவான கோல்பால் ஆட்டத்தின் பந்துக்குள் மணிகள் இருக்கின்றன; ஆனால் அது 1.25 கிலோ எடை, பொழுதுபோக்காக ஆடும் வீட்டுக்கு ஏற்றதல்ல. ஜப்பானில் பார்வையற்றவரான மியோஷி தகெய் 1984-இல் தொடங்கிய பார்வையற்றோர் டென்னிஸில் ஒலி எழுப்பும் ஸ்பாஞ்சுப் பந்துதான் ஆடப்படுகிறது. எங்கள் பந்தும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு குறை உண்டு: மணி வைத்த பந்து நின்றுவிட்டால் ஒலியும் நின்றுவிடும். தனியாக ஆடுகிறவருக்கு, விடாமல் ஒலிக்கும் மின்கலப் பந்தே நல்லது. ஆடிப் பார்த்துப் பிறகு முடிவுசெய்கிறோம் என்கிறவர்கள் எங்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி உருட்டுங்கள்; சரசரப்பு நன்றாகவே கேட்கும்.

அதுபோல, வீட்டில் உள்ள கைப்பந்தின் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் துள்ளல் குறையும், பிடியும் கிடைக்கும். ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை, தரையின் நிறத்தை எழுதினால் போதும், எடுப்பாகத் தெரியும் நிறத்தை நாங்கள் பார்த்து அனுப்புகிறோம்.

பந்து வந்து சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பலாம். அனுப்பும்போது "சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், பந்து கையின் எந்தப் பக்கமாக நழுவுகிறது, பிடிக்கும் முன்பா பிடித்த பிறகா என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆடுகிறவர் சம்மதித்தால் அரை நிமிடக் காணொளி இன்னும் நல்லது. முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும். அடுத்த பந்தை அதைப் பார்த்துத்தான் தைப்போம்.

அன்புடன்,
பட்டறையில் உள்ள அனைவரும்