விரதம் இருக்கும் முத்துவுக்கு

கும்பகோணம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள முத்து,

நலம். நீ நலமா என்று கேட்கத்தான் போன் செய்தேன், எடுக்கவில்லை. குரூப்பிலும் நீ இல்லை. "டோபமைன் விரதம், 21 நாள், யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாய். காதர் அதற்கு ஒரு கும்பிடு போட்டான். ரங்கு ஏதோ சாமியார் படத்தில் உன் முகத்தை ஒட்டி அனுப்பினான். அவனுக்கு இந்த வயதிலும் வேறு வேலை இல்லை. தபால்காரர் உன் விரதத்தில் சேர மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, மாடி ஒழுகுகிறது. கமலா உன்னை விசாரித்தாள். திட்டவும் செய்தாள், அதை நேரில் வாங்கிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அனு நேற்று ராத்திரி புனேயிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, அப்பா என் போனைக்கூட எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். நல்லாத்தான் இருக்காரு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காருன்னு சொல்றாங்க" என்றாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை. யூடியூப் பார்ப்பதை விடு, சீட்டாட்டத்தை விடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். பெற்ற பெண்ணின் குரலையுமா விரதத்தில் சேர்ப்பார்கள்?

சரி, டோபமைன் என்றாய். மூளையில் செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகிற ரசாயனம் அது, அதனால் மூளையைப் பற்றியே பேசுவோம். 2019 வாக்கில் இந்த விரதத்தைப் பரப்பியவர் கலிபோர்னியாவில் இருக்கும் கேமரன் செபா என்ற உளவியலாளர். அவரே அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்மை ஆட்டிவைக்கும் பழக்கங்களைக் குறைக்கத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்துவிட்டார். உன்னைப்போன்ற சிஷ்யர்கள்தான் குருவை மிஞ்சிப் போகிறீர்கள்.

உண்மையான டோபமைன் விரதம் ஒன்று நடந்திருக்கிறது தெரியுமா? விரதம் இருந்தவை முயல்கள். உன் அப்பா ரத்தக் கொதிப்புக்கு என்று சர்ப்பகந்தா வேர் வாங்கி வரச் சொல்வாரே, அந்தச் செடியிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த மருந்து ரெசர்பைன். 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமைன் வற்றிப்போய், காது தொங்கி, அசையாமல் கிடந்தன. ஞானம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு, உடம்புக்குள் போனால் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். காது நிமிர்ந்து எழுந்துவிட்டன. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட இருவரும் மூளை ஆராய்ச்சிக்காரர்கள்தான்.

முயல் கதை எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நம் கணக்கு வாத்தியார் ஆர்.வி.எஸ். சாருக்குப் பார்க்கின்சன் நோய். நீ போனை எடுத்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். அவர் தினமும் போடுகிற மாத்திரையில் இருப்பது அதே எல்-டோபாதான். அதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்திலிருந்து எழுந்து நடந்தவர் சமையலறை நிலைப்படி கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். மனசு போ என்கிறது, கால் நகர மறுக்கிறது. முழங்கால் மட்டும் நடுங்குகிறது. பேத்தி ஓடிப்போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்து, தரையில் அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டாள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வழியாம். கோட்டைப் பார்த்ததும் மனிதர் ஒவ்வொன்றாகத் தாண்டினார், நிலைப்படியையும் தாண்டிவிட்டார். தானாக அடியெடுத்து வைக்கும் பாதை மூளையில் பழுதாகும்போது, கண்ணால் பார்க்கிற கோடு வேறு பாதை வழியாகக் காலை எழுப்பிவிடுகிறதாம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, "இடைவெளி சமமா இல்லையேம்மா" என்றார். ஆள் மாறவே இல்லை.

இப்போது சொல், டோபமைனையா குறைக்கப் போகிறாய்?

உன் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகளில், எதிர்பாராமல் கிடைத்த சாறுக்குத்தான் டோபமைன் செல்கள் துள்ளின. பழகிப்போன பிறகு சாறு வந்தபோது சும்மா இருந்தன, வரப்போகிறது என்ற அறிகுறிக்கே துள்ளின. போனில் அடுத்து என்ன வருமோ என்று நீ விரலால் தள்ளிக்கொண்டே இருந்தது அதனால்தான். அதை நிறுத்து. 21 நாளில் முடியும் என்று மட்டும் நம்பாதே. அந்தக் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் தன் நோயாளிகளை வைத்துச் சொன்னது, அதுவும் குறைந்தபட்சம் என்றுதான் சொன்னார். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று வந்தது. நீ எந்தக் கோடி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஆட்களை நிறுத்தாதே, முத்து. சரசு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் நீ அவள் கையை விடவே இல்லை. நர்ஸ் ஊசி போட வந்தால் கட்டிலைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்துக்கொள்வாய். ஜேம்ஸ் கோன் என்பவர் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மணமான 16 பெண்களை ஸ்கேனில் படுக்கவைத்து, கணுக்காலில் ஷாக் வரலாம் என்று அவ்வப்போது அறிகுறி காட்டினார்கள். தனியாக இருந்தபோது மூளையின் அபாய மணி நன்றாக அடித்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கியது, கணவன் கையைப் பிடித்தபோது இன்னும் அடங்கியது. ஒற்றுமையான தம்பதிகளில் ரொம்பவே அடங்கியது. அவளுக்கு அந்த வாரம் நீ என்ன செய்தாய் என்று நீயே தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களே 2013இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். இந்தத் தடவை ஷாக் வரப்போவது நண்பனுக்கு என்று அறிகுறி காட்டினார்கள். தனக்கே வரப்போவதுபோல அதே பகுதிகள் மிரண்டன. யாரோ ஒருவருக்கு என்றபோது அப்படி இல்லை. ஆகவே நீ அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் இங்கே எனக்குத் தூக்கம் கெடுகிறது. கமலாவிடம் இதைச் சொன்னேன், இதற்கு ஸ்கேன் வேறு எடுத்தார்களாக்கும் என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம், கேட்டுவிடுகிறேன். சரசு இல்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, விரதம் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தேவலையாக இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு வார்த்தை திட்டிவிடு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்றால் அனுவிடம் சொல். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சார் உன்னைக் கேட்டார். "ஒன்பதாம் வாய்ப்பாடு எப்படி இருக்கான்?" என்றுதான். மழை விட்டதும் புறப்பட்டு வா, கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சார் திண்ணைக்கு வருவார், அப்போது பேச்சு நன்றாக வரும். அல்வா மட்டும் வாங்கிவராதே. அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. கமலாவுக்குப் பல் வலி. முழுதும் என் தலையில்தான் விழும்.

உன்,
சேகர்